நரியின் கைச்சீட்டு

ஜப்பானில் கடலை ஒட்டி கனாசாவா என்று ஒரு ஊர். அங்கே பனி கொட்ட ஆரம்பித்தால் லேசில் விடாது. அந்த ஊரில் ஒரு குடைக் கடையின் மாடியில், வீடியோ கேம் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. ஹமாடா தெய்ஜி என்கிற புரோகிராமர் அங்கே வேலைக்கு வந்தபோது அவருக்கு ஐம்பது வயது ஆகப்போகிற நேரம். கையில் பையோடு அவர் படியேறும்போதே, மனதில் ஒரு கேள்வியும் கூடவே ஏறி வந்தது.

அந்த நரி பார்க்கிறதா, இல்லையா?

நரி என்றால் காட்டு நரி இல்லை. அந்தக் கம்பெனி விற்ற கேம் கேசட்டுக்குள் இருக்கிற நரி. ஜப்பான்காரர்கள் வீட்டில் பூச்சீட்டு ஆடுவார்கள். மாதத்துக்கு ஒரு பூ என்று சீட்டில் வரைந்திருக்கும். கையில் இருக்கிற சீட்டும் நடுவில் கிடக்கிற சீட்டும் ஒரே பூவாக இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதுதான் அந்த ஆட்டத்துக்கே ருசி. தனியாக இருக்கிறவர்களும் ஆடட்டுமே என்று அதை டிவிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். திரையில் எதிரே, பட்டு அங்கி போட்ட நரி ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

நரி நன்றாக ஆடும். கொஞ்சம் அதிகமாகவே நன்றாக ஆடும். உங்கள் நரி என் சீட்டை எட்டிப் பார்க்கிறது, உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று ஊர் ஊராக ஆட்கள் கம்பெனிக்குத் திட்டி எழுதினார்கள்.

அவர்கள் சொன்னதை ஹமாடா முழுசாக நம்பினார். நம்புவதற்கு அவரிடம் காரணமும் இருந்தது.

இளவயதில் அவர் டோக்கியோவில் வேலை பார்த்தார். காப்பிக் கடை மேசைக்குள் பதித்து வைத்திருக்கும் ஆட்டப் பெட்டிகளுக்கு, விண்வெளியில் கப்பல் ஓட்டிச் சுடுகிற ஆட்டம் எழுதிக் கொடுப்பார். ஆடுகிறவன் போட்ட ஒரே காசில் தோற்காமல் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டால் கடைக்காரருக்கு நஷ்டம். அதனால் அந்தக் கம்பெனி முதலாளி ஹமாடாவைத் தனியாக அழைத்து ஒரு யோசனை சொன்னார். ஆடுகிறவன் பொத்தானை அழுத்தியதுமே, அவன் கப்பல் நகர்வதற்கு முன்பே, எதிரிக்குத் தெரிந்துவிட வேண்டும். ஹமாடாவும் அப்படியே எழுதினார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கொஞ்ச காலத்தில் அந்த மேசைகளில் காப்பிக் கோப்பைகள்தான் இருந்தன, ஆடுகிறவர்கள் இல்லை. கம்பெனி மூடியது.

அடுத்த கம்பெனியில் கார்ப் பந்தயம். அங்கே பின்தங்கிப் போகிற எதிரிக் காரை, ஆடுகிறவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிடித்து முன்னால் தள்ளிவிடுகிற வேலை இவருக்கு. அதுவும் மூடியது.

ஆகவே, பெட்டிக்குள் இருக்கிற எதிராளி ஒழுங்காக ஆடுகிறது என்று யாராவது சொன்னால், இவருக்குச் சிரிப்புத்தான் வரும். தன் கையாலேயே செய்தவர் அல்லவா.

கனாசாவாவுக்கு அவரோடு மனைவி ஃபுமியேவும் வந்தாள். வாடகை வீட்டின் பின்பக்கம் பனி விலகியிருந்த ஒரு சாண் மண்ணைக் கிளறி வெங்காயத்தாள் நட்டாள். இங்கேயாவது வேர் பிடிக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். செடியைச் சொன்னாளா, புருஷனைச் சொன்னாளா என்று ஹமாடா கேட்டுக்கொள்ளவில்லை.

முதலாளி ஷிமோடா முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார். புதிதாக ஒரு விளையாட்டுப் பெட்டி சந்தைக்கு வருகிறது. அதற்குப் புது நரி வேண்டும். பனி உருகியதும் கடைக்காரர்கள் எல்லோரும் கூடுகிற கண்காட்சியில் அந்த நரி நன்றாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் வேலை வெளியூர் ஆட்களிடம் போய்விடும், அப்புறம் ஹமாடாவை வைத்துக்கொள்ள வழியில்லை.

சீட்டாட்டம் தெரியாத ஹமாடாவுக்கு ஒரு குருவையும் காட்டினார். பழைய நரியை எழுதிய ஓகினோ கசுயோ.

குருவுக்கு வயது சீடரைவிடப் பத்துப் பன்னிரண்டு குறைவு. மெலிந்த உடம்பு, குட்டை முடி, சத்தமில்லாத பேச்சு. ஹமாடா தலை குனிந்து வணங்கினார். அந்த அம்மாள் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்து வணங்கினார். இது எதற்கு இவ்வளவு பணிவு என்று ஹமாடாவுக்கு அப்போதே உள்ளே உறுத்தியது.

உட்கார்ந்ததும் ஹமாடா கேட்டார். பெயரோடு சான் சேர்ப்பது அங்கே மரியாதை.

"ஓகினோ சான், உங்க நரி ஆடுறவங்க சீட்டைப் பார்க்குதா?"

"இல்லை."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட."

அவர் நம்பவில்லை. எல்லாச் சீட்டும் பெட்டியின் ஞாபகத்துக்குள்தான் இருக்கிறது. நரியின் சீட்டு ஒரு பக்கம், ஆளின் சீட்டு அதற்கு அடுத்த பக்கம். எட்டிப் பார்க்கக் கழுத்தைக்கூட நீட்ட வேண்டாம், ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எழுதாமல் இருக்க யாருக்கு மனசு வரும்?

அன்றிலிருந்து ஓகினோவை அவர் கவனிக்க ஆரம்பித்தார். அந்த அம்மாளிடம் சந்தேகப்பட நிறையவே இருந்தது.

குடைக் கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவே, இரண்டு கல் நரிகள் காவல் இருக்கிற சிவப்புச் சாமி மாடம் ஒன்று உண்டு. ஓகினோ தினம் காலையில் அங்கே நின்று கைகூப்பிவிட்டுத்தான் மேலே வருவார். எட்டிப் பார்க்கிற நரியைச் செய்துவிட்டு, நரிச் சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறார் போலிருக்கிறது என்று ஹமாடா நினைத்தார். ஒரு நாள் கேட்டும்விட்டார்.

"தினம் என்ன வேண்டிக்கிறீங்க?"

"ஒண்ணும் கேக்கறதில்லை. வந்துட்டேன்னு சொல்லிட்டு வரேன்."

இதையும் அவர் நம்பவில்லை.

இன்னொன்று, அந்த நீலக் கைத்துண்டு. ஓகினோவின் திரைக்கு மேலே எப்போதும் ஒரு கைத்துண்டு தொங்கும். திரையின் மேல்பாதியை அது மூடியிருக்கும். யாராவது பக்கத்தில் வந்தாலும் அதை எடுப்பதில்லை. தன்னிடம் எதையோ மறைக்கிறார் என்று ஹமாடா தீர்மானித்துவிட்டார். ஒரு மத்தியானம் ஓகினோ சாப்பிடப் போன சமயம், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, துண்டின் ஓரத்தைத் தூக்கினார்.

அங்கே ஒன்றுமில்லை. நரியின் கைச்சீட்டுகள் திறந்து கிடந்தன, அவ்வளவுதான். அந்தக் கம்பெனியில் எல்லோர் திரையிலும் அப்படித்தான் கிடக்கும். ஆட்டம் செய்கிறவர்கள், பிழை எங்கே என்று தெரிவதற்காக இரண்டு பக்கச் சீட்டையும் திறந்து வைத்துத்தான் வேலை செய்வார்கள். விற்கப்போகும்போது மூடிவிடுவார்கள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? நான் தூக்கிப் பார்ப்பேன் என்று தெரிந்து, மறைத்ததை முன்னாலேயே எடுத்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு, துண்டை இருந்தபடியே விட்டுவிட்டு வந்தார்.

இதற்கிடையே அவருடைய புது நரியும் தயாராகி வந்தது. ஓகினோ சொல்லிக் கொடுத்ததை எல்லாம் எழுதினார். எந்தப் பூ போய்விட்டது, எது இன்னும் வரவில்லை, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது. அந்த அம்மாள் எதையும் ஒளிக்காமல்தான் சொன்னார். ஆனாலும் நரி தோற்றது.

ஹமாடாவிடம் தோற்றது. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஆடிய முதலாளியிடம் தோற்றது. டெலிபோன் எடுக்கிற நொரிகோ என்று ஒருத்தி. வாய்த்துடுக்கு, ஆனால் மனசில் ஒன்றும் கிடையாது. அவளிடமும் தோற்றது.

"ஹமாடா சான், உங்க நரிக்குப் பல்லே முளைக்கலையே. கஞ்சி வச்சுத்தான் வளர்க்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹமாடாவும் சிரித்தார். சாயங்காலம் வீட்டில் சூப்பை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். ஃபுமியே அதை மறுபடி சூடாக்கினாள்.

அவர் ஓகினோவின் பழைய புரோகிராமைக் கேட்டு வாங்கி, அச்சடித்த தாள்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு வரிவரியாகத் தேடினார். ஆளின் சீட்டை எட்டிப் பார்க்கிற வரி எங்குமே இல்லை. நரி தன் கைச்சீட்டைப் பார்த்தது, நடுவில் கிடந்ததைப் பார்த்தது, அதோடு நின்றது. வேறு ஒருவருக்கு நிம்மதி வர வேண்டிய இடம் அது. இவருக்கோ சந்தேகம்தான் கூடியது. உண்மையான புரோகிராமை வைத்துக்கொண்டு, வேறு ஒன்றைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தார்.

மறுநாள் நேராகவே போய் நின்றார்.

"ஓகினோ சான், நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். உங்க நரி ஜெயிக்குது, என் நரி தோக்குது. எனக்குச் சொல்லாத ஏதோ ஒண்ணு இருக்கு."

ஓகினோ அப்போது, திட்டி வந்த கடிதம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சின்னச் சிரிப்பு. அதைப் பார்க்க ஹமாடாவுக்கு எரிச்சலாக இருந்தது.

"இவர் போன குளிர்காலத்திலேயும் எழுதினவர். அதே எழுத்து, அதே திட்டு. விடாம ஆடிக்கிட்டிருக்கார்."

"நான் கேட்டதுக்குப் பதில் வரலை."

"உங்க நரி தோக்குதுன்னு யார் சொன்னது?"

"யார் சொன்னதா? தினம் நானே ஜெயிக்கிறேன், போதாதா?"

ஓகினோ கடிதத்தை மடித்து வைத்தார். என்னவோ சொல்ல வந்தது போலிருந்தது. பிறகு எழுந்து போய், அவருக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். ஹமாடா அதைக் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அந்த ஒரு வரியை எழுதிவிட்டார்.

கைக்குப் பழகிய வேலை, எழுத நேரமே ஆகவில்லை. நரி இப்போது ஆளின் சீட்டைப் பார்த்தது. ஹமாடா ஆடிப் பார்த்தார், தோற்றார். இன்னொரு ஆட்டம் ஆடினார், அதிலும் தோற்றார். அவருக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே வாயில், பழைய காப்பிக் கடை மேசையில் ஆறிப்போன காப்பியின் கசப்பு மாதிரி ஒன்றும் வந்தது.

மறுநாள் நொரிகோவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பல் முளைத்திருக்கிறது, வந்து பார் என்றார். அவள் கேலி பேசிக்கொண்டே உட்கார்ந்தாள். முதல் ஆட்டத்தில் அவளுக்கு வேண்டிய செர்ரிப் பூ வரவே இல்லை, நரி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டது. இரண்டாவது ஆட்டத்தில் நிலாச் சீட்டுக்காகக் காத்திருந்தாள், கடைசிவரை நரி அதைக் கீழே விடவில்லை. நொரிகோவின் கேலி பாதியில் நின்றது. கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். நன்றாக இருக்கிறது, டெலிபோன் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

டெலிபோன் அடிக்கவில்லை.

அவள் திட்டியிருந்தால்கூட ஹமாடாவுக்குப் பரவாயில்லை. இதுவும் ஓகினோ சொல்லிக் கொடுத்த வேலையாக இருக்கும், என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். நினைத்தாரே தவிர, உள்ளுக்குள் அதை அவரே சரியாக நம்பவில்லை. நேரே ஓகினோவிடம் போனார்.

"எழுதிட்டேன்."

"எதை?"

"நீங்க எழுதி, எனக்குச் சொல்லாம வச்சிருக்கீங்களே, அதை. என் நரி இப்போ பார்க்குது. கண்காட்சியில ஜெயிக்கும்."

ஓகினோ கோபப்படவில்லை. மறுக்கவும் இல்லை.

"ஹமாடா சான், உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த வரியை எடுத்துடுங்க. நாளைக்குக் காலையில உங்க நரியோட ஒரு ஆட்டம். ஆடிப் பார்த்தப்புறமும் அந்த வரி வேணும்னு தோணிச்சுன்னா, நானே என் கையால போட்டுத் தரேன். முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

ஏதோ கண்ணி வைக்கிறார் என்றுதான் ஹமாடாவுக்குத் தோன்றியது. ஆனால் அந்த அம்மாளின் குரலில் இழுக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அவர் வரியை எடுத்தார். எடுத்துவிட்டு, ஓகினோவின் மேசைக்கு வந்தார்.

"எடுத்துட்டேன். வேணும்னா வந்து பாருங்க."

"பார்க்க வேண்டாம்."

"நான் பொய் சொல்லியிருந்தா?"

"நீங்க எடுத்துட்டேன்னு சொன்னீங்க. அது போதும்."

இந்த வார்த்தை அவரை வீடுவரை துரத்தியது. ஒருத்தரை இப்படிச் சும்மா நம்புவதற்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கும் என்று யோசித்துக்கொண்டே, சறுக்குகிற பனியில் அடிமேல் அடி வைத்து நடந்தார்.

காலையில் அவர் வந்தபோது ஓகினோ கீழே, மாடத்தின் முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். இருவருமாகப் படியேறினார்கள். நொரிகோ ஹீட்டரைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஹமாடா தன் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியை முடுக்கினார். திரையில் நரி வந்து சம்மணம் போட்டது. மேலே அதன் சீட்டு, கீழே இவருடைய சீட்டு, வழக்கம் போல இரண்டும் திறந்திருந்தன.

ஓகினோ தன் மேசைக்குப் போய் அந்த நீலக் கைத்துண்டை எடுத்துவந்தார். ஹமாடாவின் திரைக்கு மேலே போட்டு, மேல்பாதி மறையும்படி இழுத்துவிட்டார்.

"இப்ப ஆடுங்க."

ஹமாடா ஆடினார். கையில் இருந்த பிளம் பூவைக் கீழே போட்டார். துண்டுக்குப் பின்னாலிருந்து நரி ஒரு பிளம் பூவை இறக்கி அதை அள்ளிக்கொண்டது. சரி, தற்செயல் என்று நினைத்தார். பைன் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார், அதற்கு ஜோடி வரவில்லை. போடலாமா, கூடாதா என்று யோசித்து யோசித்து, மழையில் குடை பிடித்த மனிதர் இருக்கிற சீட்டைப் போட்டார். நரி அதற்காகவே உட்கார்ந்திருந்த மாதிரி எடுத்துக்கொண்டது. ஆட்டம் போனது.

இன்னொரு ஆட்டம் ஆடினார். இந்த முறை அவருக்கு நல்ல சீட்டு வந்தது. இருந்தும் எதைப் போட்டாலும் நரி அள்ளிவிடும் என்று பயந்து, நல்லதைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒன்றுக்கும் ஆகாததைப் போட்டார். நரி அந்த ஆகாததை ஒவ்வொன்றாகச் சேர்த்தே ஜெயித்தது.

மூன்றாவதில் அவர் காது சிவந்துவிட்டது. ஹீட்டர் சூடு அவ்வளவு தூரம் வராது.

அவர் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பார்க்குது."

ஓகினோ நழுவிய துண்டை இழுத்துச் சரிசெய்தார்.

"இந்த நரி என் சீட்டைப் பார்க்குது, ஓகினோ சான். நேத்து நான் போனப்புறம் நீங்க அந்த வரியைத் திரும்பப் போட்டிருக்கீங்க."

நொரிகோ ஹீட்டர் பக்கம் குனிந்தவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஜப்பான்காரர்கள் முகத்துக்கு நேரே இப்படிப் பேசுவது அபூர்வம்.

"தேடிப் பாருங்க," என்றார் ஓகினோ.

ஹமாடா அடுத்த மேசையில் இருந்த இன்னொரு திரையில் தன் புரோகிராமைத் திறந்தார். மேலிருந்து கீழே வந்தார். கீழிருந்து மேலே போனார். அவருடைய நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்த நொரிகோ, என்னதான் இருக்கிறது என்று மெல்ல வந்து உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தாள். துண்டைத் தூக்கப் போனவள், ஓகினோவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்காமல் விட்டாள்.

"அடப்பாவி நரி, எடுத்துட்டியா," என்றாள் கொஞ்ச நேரத்தில். பிறகு, "பார்க்குது, ஹமாடா சான், திருட்டு நரி இது, நல்லாப் பார்க்குது," என்றாள். ஓகினோ அவளிடம், டெலிபோன் அடிக்கிறது என்றார். அது நிஜமாகவே அடித்தது. இந்த ஒரு ஆட்டம் முடியட்டும், இதை விட மாட்டேன் என்று அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஹமாடா தேடிக்கொண்டே இருந்தார். அந்த வரி இல்லை. அதன் இடத்தில் வேறு எதுவும் இல்லை. யாரும் தொடவில்லை. எல்லாம் அவர் கையால் எழுதியதுதான், நேற்று அவர் விட்டுப் போனபடியேதான் இருந்தது. நரி தன் கைச்சீட்டைப் பார்த்தது. நடுவில் கிடந்ததைப் பார்த்தது. அதோடு நின்றது.

அவர் மெதுவாக எழுந்து வந்தார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"வரி இல்லை, ஓகினோ சான். ஆனா அதுக்கு என் சீட்டு தெரிஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சிருக்கு. இல்லேன்னா எப்படி என்னைத் தோக்கடிக்க முடியும்?"

ஓகினோ கையை நீட்டித் துண்டின் ஓரத்தைத் தூக்கினார். இத்தனை நாளும் இருந்த மாதிரியே, நரியின் சீட்டுகள் அங்கே வரிசையாகத் திறந்து கிடந்தன. ஹமாடாவின் கண் தானாக அதன்மேல் போனது, பிளம் எது, பைன் எது என்று ஒரு கணத்தில் எண்ணிவிட்டும் வந்தது.

ஓகினோ துண்டைக் கீழே விட்டார்.

"இத்தனை நாளா அந்த நரியும் உங்களைப் பத்தி இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கும், ஹமாடா சான்."